மூச்சை இழுக்காதீர்கள், விடுங்கள்

நம் ஊர்க் கடற்கரைச் சாலையில் காலையில் நடக்கிறவர்களுக்கு இந்தச் சத்தம் பழக்கமானதுதான். வண்டிகள் வராத நேரம், நல்ல காற்று, காந்தி சிலைக்கு இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம். நடுவில் கையடக்க ஒலிபெருக்கியோடு ஒரு தம்பி. "இழுங்க! இன்னும் இழுங்க! நிறுத்துங்க! விடாதீங்க, விடாதீங்க!" அவர் எதிரே அறுபதும் எழுபதும் தாண்டிய நம்மவர்கள் கன்னம் உப்ப, தோள் காது வரை ஏற, கழுத்து நரம்பு புடைக்க உட்கார்ந்திருக்கிறார்கள். இதற்குப் பெயர் மூச்சுப் பயிற்சி.

இதைப் பற்றிச் சில நாட்களாகவே எழுத நினைத்திருந்தேன். பிராணாயாமம் தவறு என்று நான் சொல்ல வரவில்லை. இந்த அதட்டல்தான் தவறு என்கிறேன். கிழட்டு உடம்பை மூச்சின் பெயரால் அதட்டுவது நல்லதும் அல்ல, நம் மரபும் அல்ல.

முதலில் நம் மொழி என்ன சொல்கிறது என்று பாருங்கள். ஒருவர் நன்றாக இருக்கிறார் என்றால் "மூச்சு விடுகிறார்" என்கிறோம். வேலை அதிகம் என்றால் "மூச்சு விட நேரமில்லை". கவலை தீர்ந்தால் "நிம்மதிப் பெருமூச்சு விட்டான்". எல்லாமே விடுவதுதான். மாடிப்படி ஏறி முடியாமல் நின்றால்? "மூச்சு வாங்குது." முதுகில் சுளுக்கிக்கொண்டால்? "மூச்சு பிடிச்சுக்கிச்சு." ஆஸ்துமாவுக்கு நம் பாட்டிகள் வைத்த பெயர் "இழுப்பு". வாங்குவது, பிடிப்பது, இழுப்பது எல்லாம் நோயின் சொற்கள். விடுவது ஒன்றுதான் சுகத்தின் சொல். நான் பள்ளியில் எல்லாப் பாடத்தையும் பிரெஞ்சில் படித்தவன். அங்கே மூச்சை வெளியே விடுவதற்கும், உயிரை விடுவதற்கும், ஒரு பத்திரம் காலாவதி ஆவதற்கும் ஒரே வினைச்சொல், 'எக்ஸ்பிரே'. அப்படிப்பட்ட மொழிக்காரர்கள் மூச்சை விடப் பயந்தாலும் ஒரு நியாயம் உண்டு. நமக்கு என்ன வந்தது?

"ஆழமாக இழுத்தால் உடம்பில் ஆக்சிஜன் ஏறும்" என்பது இந்த வகுப்புகளின் முதல் வாக்குறுதி. கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் வாங்கினோமே, அது இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கும். எடுத்து மாட்டிப் பாருங்கள். நுரையீரல் நன்றாக இருப்பவர்களுக்குச் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 96, 97, 98 என்று காட்டும். நூற்றுக்கு மேல் அதில் எண் கிடையாது. ஏற்கெனவே நிறைந்திருக்கும் குடத்தில் எவ்வளவு ஊற்ற முடியும்?

வேகவேகமாக மூச்சு வாங்கினால் பெரிதாக மாறுவது கரியமில வாயு. அது இரத்தத்தில் அளவுக்கு மீறிக் குறைகிறது. குறைந்தால் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கும். தலை கிறுகிறுக்கும், விரல் நுனியும் உதட்டோரமும் மரத்து எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். இது மருத்துவப் புத்தகத்தில் உள்ள சாதாரணச் செய்தி. வகுப்பில் இதற்கு "சக்தி ஏறுது" என்று விளக்கம் சொல்கிறார்கள். எழுபது வயதில் கிறுகிறுத்து விழுந்தால் ஏறுவது சக்தி அல்ல, ஆஸ்பத்திரிப் படி.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். பல வருடமாக இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டவர். ஒரு வகுப்பில் "மூணு மாசம் இதைச் செய்யுங்க சார், மாத்திரையே வேணாம்" என்றார்கள். அவர் மூன்று மாதம் காத்திருக்கவில்லை, மூன்றாவது வாரமே நிறுத்திவிட்டார். ஒரு காலை பயிற்சி முடிந்து எழுந்தவர் அப்படியே சாய்ந்தார். அழுத்தம் 200-ஐத் தொட்டிருந்தது. இப்போது இடது கையில் டம்ளர் நிற்காது. அந்த வகுப்பு மறுநாளும் அதே நேரத்துக்கு நடந்தது. நான் கோபமாக எழுதுவதாகத் தோன்றினால், காரணம் அந்த டம்ளர்தான்.

உடனே ஒரு பதில் வரும். "இதெல்லாம் ரிஷிகள் கொடுத்தது, நீங்கள் யார் கேள்வி கேட்க?" ரிஷிகளையே கேட்போம். பதஞ்சலி ஆசனத்தை முதலில் வைத்து, அது நிலைத்த பிறகுதான் பிராணாயாமத்துக்கு வருகிறார். ஹடயோக பிரதீபிகையில், மூச்சை முறை தவறிக் கையாண்டால் விக்கல், இரைப்பு, இருமல், தலைவலி, காது வலி, கண் வலி எல்லாம் வரும் என்ற எச்சரிக்கையே இருக்கிறது. புத்தர் போதித்த ஆனாபானசதியில் இழுக்கும் பேச்சே இல்லை. நீண்ட மூச்சு வந்தால் நீண்டது என்று அறி, குறுகிய மூச்சு வந்தால் குறுகியது என்று அறி என்பதில்தான் அது ஆரம்பிக்கிறது. அறிவதுதான் முதல் வேலை. ஒரு கோப்பைத் திறந்து படிக்காமலே குறிப்பு எழுதும் குமாஸ்தாவை நாம் என்ன சொல்வோம்? மூச்சைக் கவனிக்காமலே அதைத் திருத்தக் கிளம்புகிறவரும் அவரைப் போலத்தான்.

பிரான்சில் இருந்து விடுமுறைக்கு வரும் நம் பிள்ளைகள் 'சோஃப்ரோலோஜி' என்று ஒன்றைச் சொல்கிறார்கள். உடம்பைக் கவனி, மூச்சைக் கவனி, தோளைத் தளர்த்து என்று சொல்லித்தரும் முறை அது. அங்கே மணிக்கணக்கில் யூரோ கொடுத்துப் படிக்கிறார்கள். அதை 1960-இல் தொடங்கியவர் அல்ஃபோன்சோ கைசெதோ என்ற கொலம்பியா நாட்டு மனநல மருத்துவர். அவர் அதற்குப் பிறகு இந்தியாவுக்கு வந்து யோகம் பார்த்துப் போனவர். நம்மிடமிருந்து போனது தளர்வு. அதை அவர்கள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். நாமோ இங்கே தளர்வைத் தொலைத்துவிட்டு ராணுவக் கவாத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

2001-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு இத்தாலிய ஆய்வு வந்தது. லூசியானோ பெர்னார்தி என்பவரின் குழு 23 பேரை லத்தீனில் செபமாலை சொல்ல வைத்தது, பிறகு ஒரு பௌத்த மந்திரம் சொல்ல வைத்தது. இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்குத் தானாக இறங்கியது. சாதாரணமாக நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறவர்கள். அப்படி மெதுவான மூச்சில் இதயத்தின் ஓட்டமும் இரத்த அழுத்தமும் ஒத்திசைந்து போயின. யாரும் அவர்களை "இழு" என்று அதட்டவில்லை. ஒரு வரியை நிதானமாகச் சொல்லி முடிக்க மூச்சை நீளமாக விட்டாக வேண்டும், அவ்வளவுதான். சம்பா கோயிலில் செபமாலை உருட்டும் பாட்டியும், மணக்குள விநாயகரைச் சுற்றிவிட்டு உட்கார்ந்து அகவல் முணுமுணுக்கும் தாத்தாவும் வகுப்புக் கட்டணம் கட்டாமல் செய்துவந்தது இதுதான்.

சரி, என்னதான் செய்வது என்பீர்கள். முதுகுக்குச் சாய்மானமுள்ள நாற்காலியில் உட்காருங்கள். சம்மணம் போட வேண்டாம், முட்டி பாவம். பாதம் இரண்டும் தரையில் படட்டும். ஒரு கையை வயிற்றின் மேல் வையுங்கள். வாயை மூடி மூக்கால் வழக்கம்போல் மூச்சு விடுங்கள். எதையும் மாற்றாதீர்கள். கை ஏறுகிறதா, தோள் ஏறுகிறதா, பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறோமா என்று மட்டும் பாருங்கள். பார்க்கப் பார்க்கத் தோள் தானே இறங்கும். வெளியே போகும் மூச்சை அவசரப்படுத்தாமல் அதன் போக்கில் முடியவிடுங்கள். அடுத்தது தானே வரும், நீங்கள் அழைக்க வேண்டியதில்லை. ஐந்து நிமிடம் போதும். மூச்சைக் கவனித்தாலே படபடப்பு வருகிறவர்கள் சிலர் உண்டு. அவர்கள் அதை விட்டுவிட்டுப் பாதம் தரையில் படுவதைக் கவனிக்கலாம். அதில் குறை ஒன்றும் இல்லை.

ஒன்றை மட்டும் கலந்துவிடாதீர்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது, இரண்டு தலையணை தேவைப்படுகிறது, கால் வீங்குகிறது, முன்பு நடந்த தூரம் இப்போது நடக்க முடியவில்லை என்றால் அது எந்தப் பயிற்சிக்கும் உரிய விஷயம் அல்ல. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

வகுப்பு நடத்துகிற தம்பிகளிடம் கேட்பது மூன்று. கபாலபாதி, பஸ்திரிகா, மூச்சை அடக்குதல் இவற்றைத் தொடங்குமுன் எதிரே இருப்பவருக்கு இரத்த அழுத்தம், இருதய நோய், குடலிறக்கம், கண் அழுத்தம் உண்டா என்று ஒவ்வொருவராகக் கேளுங்கள். மாத்திரையைப் பற்றி வாயே திறக்காதீர்கள், அது எழுதிக் கொடுத்தவர் பொறுப்பு. அந்த ஒலிபெருக்கியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். அலைச் சத்தம் கேட்டாலே எங்களில் பாதிப் பேருக்கு மூச்சு தானாக நிதானப்பட்டுவிடும்.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. முப்பது, முப்பத்தைந்து வருடம் மேலதிகாரி சொன்னதற்கெல்லாம் தலையாட்டியாயிற்று. ஓய்வூதியம் வாங்கும் காலத்தில் மூச்சு விடுவதற்குமா ஒருவர் உத்தரவு போட வேண்டும்? "விடாதீங்க" என்று அவர் கத்தும்போது நீங்கள் பாட்டுக்கு விடுங்கள்.