பெற்றோரைக் கைவிட்டால் சிறை, கவனித்தால் சம்பளப் பிடித்தம்

பெற்றோரைத் தெய்வம் என்று சொல்லாத மேடை நம் ஊரில் கிடையாது. அந்தத் தெய்வத்துக்கு ஸ்ட்ரோக் வந்தால் எத்தனை நாள் லீவ் கிடைக்கும்? இதைத்தான் யாரும் கேட்பதில்லை.

2007இல் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. பராமரிக்க வேண்டிய முதியவரை அடியோடு கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நல்ல சட்டம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதே முதியவர் ஐசியூவில் கிடக்கும்போது பக்கத்தில் இருப்பதற்கென்று, தனியார் நிறுவன ஊழியருக்கு மத்தியச் சட்டம் எதுவும் ஒரு நாள்கூடத் தரவில்லை. கடமை சட்டத்தில் இருக்கிறது. அதைச் செய்வதற்கான நேரம் மேனேஜரின் மனசில் இருக்கிறது.

எங்கள் துறையில் விடுப்பு என்பது உரிமை இல்லை, உறவு. மேனேஜரோடு நல்லா இருந்தால் "போய்ட்டு வாப்பா, பாத்துக்கலாம்". இல்லையென்றால் "ரிலீஸ் இருக்கே, அண்ணன் தம்பி யாரும் இல்லையா?". அதுவும் இல்லாவிட்டால் வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொல்வார்கள். வீடு என்றால் ஆஸ்பத்திரி வராண்டா. ஒரு காதில் ஹெட்செட், இன்னொரு காதில் நர்ஸ் கூப்பிடும் பெயர். இதற்குப் பெயர் சலுகையாம். வேலையை விட்டுப் போக 90 நாள் நோட்டீஸ் கேட்கும் துறை இது. அந்த 90 நாளுக்கு ஒப்பந்தத்தில் தனிப் பத்தியே இருக்கிறது. அப்பாவுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

இருக்கிற உரிமையாவது தெரிகிறதா என்றால் அதுவும் இல்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இலேயே வந்துவிட்டது. ஆண்டுக்கு 12 நாள் நோய் விடுப்பு, 12 நாள் தற்செயல் விடுப்பு, ஓராண்டு வேலை பார்த்தபின் 12 நாள் ஈட்டிய விடுப்பு, மூன்றும் ஊதியத்தோடு. எச்ஆர் ஸ்லைடில் கம்பெனியின் பெருந்தன்மை மாதிரி காட்டுகிறார்களே, அதில் பெரும்பகுதி இந்தப் பழைய சட்டத்தின் குறைந்தபட்சம்தான்.

இன்னொரு வேடிக்கை. மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு இஎஸ்ஐ உண்டு. அவர் நோயில் விழுந்தால், பங்களிப்பு நிபந்தனை பூர்த்தியாகியிருந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் வரும். அந்தப் பணம் வாங்கும் காலத்தில் அவரை வேலையை விட்டுத் தூக்கக் கூடாது. லட்சத்தில் சம்பளம் வாங்கும் நமக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. நமக்கு இருப்பது இன்சூரன்ஸ் கார்டு. அது ஆஸ்பத்திரி பில்லைக் கட்டும், வேலையைக் காப்பாற்றாது.

பிரசவத்துக்கு வருவோம். 2017 திருத்தத்துக்குப் பின் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பு. 2020இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே அளவுதான். இஎஸ்ஐக்கு வெளியே இருப்பவருக்கு அந்தச் சம்பளம் முழுவதும் முதலாளியின் தலையில். தனியார் துறையில் அப்பாவுக்குச் சட்டப்படி பூஜ்ஜியம். மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் கம்பெனி யாரை வேலைக்கு எடுக்கத் தயங்கும் என்று சொல்லவே வேண்டாம். பிள்ளை பெறுவது பெண்ணின் சொந்த விவகாரம் என்று சட்டமே சொல்லிக்கொடுக்கிறது. அந்தப் பாடம் மாமனாரின் படுக்கை வரைக்கும் நீள்கிறது. "குடும்பம் பாத்துக்கும்" என்று பெருமையாகச் சொல்கிறோமே, அந்தக் குடும்பம் யார்? பெரும்பாலும் வேலையை விட்ட ஒரு மகள், அல்லது ஒரு மருமகள்.

"கம்பெனி என்ன தர்ம சத்திரமா?" என்று கேட்பவர்கள், தாங்கள் தினமும் மேற்கோள் காட்டும் அமெரிக்காவைப் பார்க்கட்டும். முதலாளிகளுக்கு அதைவிடத் தோதான தேசம் ஏது? அங்கேயே 1993இல் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் வந்துவிட்டது. குறைந்தது 50 பேர் வேலை பார்க்கும் நிறுவனத்தில், ஓராண்டு முடித்து, அதில் 1,250 மணி நேரம் உழைத்திருந்தால், ஆண்டுக்கு 12 வாரம். சம்பளம் கிடையாது, ஆனால் திரும்பி வரும்போது அதே வேலையோ அதற்குச் சமமான வேலையோ இருக்க வேண்டும். தன் நோய்க்கும், புதிதாய்ப் பிறந்த குழந்தைக்கும், தாய் தந்தைக்கும் எடுக்கலாம். அதிலும் ஓட்டை உண்டு: மாமனார் மாமியார் அந்தப் பட்டியலில் இல்லை. இருந்தாலும் அங்கே ஊழியர் கேட்பது தயவு அல்ல. தகுதி இருந்தால் மேனேஜர் மறுக்க முடியாது.

ஆகவே நான் கேட்பது புரட்சி அல்ல. ஒன்று, சம்பளம் இல்லாவிட்டாலும் வேலை பறிபோகாத 12 வாரம். அதில் மாமனார் மாமியாரும் சேரட்டும். இரண்டு, அப்பாக்களுக்கும் சட்டப்படி விடுப்பு. மூன்று, பிரசவ காலச் சம்பளம் தனி முதலாளியின் சுமையாக இல்லாமல், இஎஸ்ஐ போல எல்லோரும் கட்டும் பொது நிதியிலிருந்து வரட்டும்.

அதுவரை உங்கள் ஆஃபர் லெட்டரை இன்றைக்கு ஒருமுறை எடுத்துப் படியுங்கள். விடுப்பு என்ற தலைப்பின் கீழ் "நிர்வாகத்தின் விருப்பப்படி" என்ற பொருளில் எத்தனை இடம் வருகிறது என்று எண்ணுங்கள். அடுத்த டவுன்ஹாலில் "ஏதாவது கேள்வி இருக்கா?" என்பார்கள். இருக்கு என்று சொல்லுங்கள்.