எத்தனை வாட்?

சிவகாசியில் பட்டாசு வாங்குகிறவர் முதலில் கேட்பது, "எத்தனை வாலா?" என்றுதான். நியாயமான கேள்வி. சந்தேகம் வந்தால் சரத்தைப் பிரித்து எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். அதே மனிதர் வீட்டு ஆபீசுக்கு ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்கப் போகும்போதும் அதே தோரணையில், "எத்தனை வாட்?" என்கிறாரே, அதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன்.

மலிவான பெட்டிகளின்மேல் 'பி.எம்.பி.ஓ.' என்ற நாமகரணத்தோடு ஆயிரம், இரண்டாயிரம் என்று அச்சடித்திருக்கிறார்கள். ஒரு கணநேர உச்சத்தை மனம்போலப் பெருக்கிப் போட்ட கணக்கு அது. அதை யார் எண்ணிப் பார்ப்பது? தொடர்ந்து ஒலிக்கும் சக்தியைச் சொல்வது 'ஆர்.எம்.எஸ்.' எண். அதைக் கேட்டால் கடைக்காரர் கூரையைப் பார்க்கிறார்!

பட்டாசுக்கு 1999-இல் மத்திய அரசு வரம்பு வைத்தபோது, வெடிக்கிற இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபல் என்று தூரத்தோடு சேர்த்துச் சொன்னது. அதுதான் ஒழுங்கான கணக்கு. வாட்டை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல்தான். தூரத்தைப் பாதியாக்கினாலோ ஏறக்குறைய 6 டெசிபல் காசில்லாமல் கிடைக்கிறது. மேஜைமேல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் பெட்டிக்கு 5 வாட் தாராளம்.

"கூடுதலாக இருந்துவிட்டுப் போகட்டுமே!" என்பார்கள். இருக்கட்டும், ஆனால் அதற்கு நஷ்டப்படுவது யார்? வீட்டிலிருந்தே காலண்டர் ஆர்டர் எடுக்கிறவரை நினைத்துப் பாருங்கள். வெளியூர்க்காரர் போனில் சொன்னது ஐந்நூறா, எண்ணூறா? 'தம் தம்' என்று அதிர்கிற பெட்டியில் மெய்யெழுத்துக்கள் மூழ்கிப்போகின்றன. கூடுதலாக அச்சான முந்நூறு காலண்டரைப் பொங்கலுக்குப் பிறகு எந்த மகராசன் வாங்குவான்?

ஆகையால், கடையில் குத்துப்பாட்டு போட்டுக் காட்டினால் மயங்காதீர்கள். செய்தி வாசிப்பைத் தணிந்த ஒலியில் போடச் சொல்லுங்கள். பிறகு வீட்டிலுள்ள யாரையாவது போனில் கூப்பிட்டு, ஐந்நூறு, எழுநூறு, எண்ணூறு என்று கலந்து சொல்லச் சொல்லுங்கள். முதல் தடவையிலேயே பிழையில்லாமல் எழுத முடிந்தால் பணத்தைக் கொடுங்கள். வீட்டுக்கு வந்ததும் பெட்டியைச் சுவர் மூலையில் ஒட்டி வைக்காமல், காதுக்கு நேராக வையுங்கள். மூலை அதிர்வைக் கூட்டும். எழுத முடியாமற்போனால், பெட்டியின்மேல் லட்சம் வாட் என்று போட்டிருந்தாலும் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.