டிக்கெட் கையிலே, ரசிகர் தெருவிலே!

பாட்டுக் கச்சேரிகளில் நெரிசல் ஏன்? தப்பு மேடையில் இல்லை, வாசலில்!

குற்றாலம் மெயினருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்தால் என்ன நடக்கும்?

போலீசார் விசில் ஊதுவார்கள். குளிப்பவர்கள் எல்லோரும் வெளியே வரவேண்டும். குளிக்கத் தடை! "திருவேங்கடத்தில் இருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கோம் சார், ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்திடுறோம்" என்று கெஞ்சினாலும் விடமாட்டார்கள். தண்ணீர் குறைந்த பிறகுதான் அனுமதி.

தண்ணீர் அளவு மீறினால் தடுக்க ஆள் இருக்கிறது. பாட்டுக் கச்சேரியில் கூட்டம் அளவு மீறினால் தடுக்க ஆள் இருக்கிறதா?

பெரும்பாலும் இல்லை. காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர் தெருவில் நிற்பதும், பெண்களும் குழந்தைகளும் நசுங்குவதும் அதனால்தான்.

பனையூரில் நடந்தது

2023 செப்டம்பர் 10. ஞாயிற்றுக்கிழமை. சென்னையை அடுத்த பனையூரில், கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் ஏ.ஆர்.ரகுமானின் "மறக்குமா நெஞ்சம்" இசை நிகழ்ச்சி. ஆகஸ்டு 12-ந்தேதி நடக்க வேண்டியது மழையால் தள்ளிப்போய் அன்று நடந்தது.

1992-ல் "ரோஜா" வந்த நாளில் இருந்து ரகுமான் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் குடும்பத்தோடு கிளம்பினார்கள். ஆயிரக்கணக்கில் ரூபாய் கொடுத்து டிக்கெட் வாங்கியவர்களும் உண்டு.

சாயங்காலம் சாலை அடைத்துக்கொண்டது. அன்றைய முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலினின் கார் வரிசையே அந்த நெரிசலில் சிக்கியது. முதல்-அமைச்சருக்கே அந்தக் கதி என்றால் ஸ்கூட்டரில் வந்தவர் பாடு எப்படி இருந்திருக்கும்?

தட்டுத்தடுமாறி மைதானத்துக்கு வந்தவர்களில் பலர் உள்ளே போக முடியவில்லை. டிக்கெட் கையில், ஆள் வெளியில்! உள்ளே போனவர்களுக்கும் நாற்காலி இல்லை. பிள்ளைகளைத் தவறவிட்டுப் பெற்றோர் தேடினார்கள். கூட்டத்தில் சிலர் அத்துமீறியதாகப் பெண்கள் புகார் சொன்னார்கள். எத்தனையோ பேர் ஒரு பாட்டுக்கூடக் கேட்காமல் வீடு திரும்பினார்கள்.

மறுநாள் அமைப்பாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். டிக்கெட் நகலை அனுப்பும்படி ரகுமான் கேட்டுக்கொண்டார். எல்லோரும் விழித்துக்கொள்ள இந்த முறை தாமே பலி ஆடாக இருப்பதாக எழுதினார். போலீசார் விசாரணை நடத்தினார்கள். 20,000 பேருக்கு அனுமதி வாங்கிய இடத்தில் அதற்கு மேல் பல ஆயிரம் பேர் வந்ததாகத் தெரிவிக்கப்பட்டது.

அன்று உயிர்ச்சேதம் இல்லை. அது அதிர்ஷ்டம். ஏற்பாடு அல்ல!

மலைக்கு அந்தப் பக்கம்...

அதிர்ஷ்டம் எப்போதும் துணைக்கு வராது. சரியாக இரண்டரை மாதம் கழித்து, நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் அது நிரூபணம் ஆச்சு.

2023 நவம்பர் 25. கொச்சி பல்கலைக்கழகத் திறந்தவெளி அரங்கில், மாணவர் விழாவில் பாடகி நிகிதா காந்தியின் கச்சேரி. பாட்டு இன்னும் தொடங்கவில்லை. வெளியே பெரிய கூட்டம். உள்ளே போகும் வழியில் கீழே இறங்கும் படிக்கட்டு. மழை வந்தது. நனையாமல் இருக்க எல்லோரும் ஒரே சமயத்தில் உள்ளே பாய்ந்தார்கள். முன்னால் போனவர்கள் படியில் விழ, பின்னால் வந்தவர்கள் அவர்கள் மேல் விழ, 4 பேர் செத்துப்போனார்கள். பலருக்குக் காயம்.

அங்கே யாரும் கலவரம் செய்யவில்லை. குடை இல்லாதவர்கள் ஒதுங்க ஓடினார்கள். அவ்வளவுதான். வழி மட்டும் குறுகலாக இருந்தது.

யாழ்ப்பாணத்தில் 2024 பிப்ரவரி 9-ந்தேதி முற்றவெளி மைதானத்தில் பாடகர் ஹரிகரன் நிகழ்ச்சி. காசு கொடுத்தவர்களுக்கு முன்னால் இடம். இலவசமாக வந்தவர்கள் பின்னால். பின்னால் நின்றவர்கள் தடுப்புகளைத் தள்ளிக்கொண்டு முன்னே வந்துவிட்டார்கள். கச்சேரியைச் சிறிது நேரம் நிறுத்த வேண்டியதாயிற்று.

இது நம்ம ஊர் வியாதி மட்டும் அல்ல. அமெரிக்காவில் சின்சினாட்டி நகரில் 1979 டிசம்பர் 3-ந்தேதி "தி ஹூ" இசைக்குழுவின் கச்சேரி. பெரும்பாலோருக்கு நாற்காலி நம்பர் கிடையாது. முந்தினவருக்கு முன் இடம்! திறந்ததோ சில கதவுகள்தான். உள்ளே கருவிகளைச் சோதித்த சத்தம் கேட்டு, "கச்சேரி ஆரம்பித்துவிட்டது" என்று வெளியே நின்ற கூட்டம் நெருக்கியது. 11 பேர் செத்தார்கள். நம்பர் இல்லாத இருக்கை முறைக்கு அந்த நகரம் அந்த மாதமே தடை போட்டது.

கொச்சிக்கும் சின்சினாட்டிக்கும் நடுவில் 44 வருஷம். சாவு நடந்த இடம் இரண்டிலும் ஒன்றுதான். வாசல்!

கணக்குப் போடுவோம்

கடை வைத்திருப்பவருக்கும் ஆபீசில் கணக்கு எழுதுபவருக்கும் இது எளிதில் விளங்கும்.

கச்சேரிக்கு 20,000 பேர். டிக்கெட்டைப் பார்த்து, பையைச் சோதித்து, ஒரு வாசலில் நிமிஷத்துக்கு 40 பேரை விடுவதாக வைத்துக்கொள்வோம். ஒரே வாசல் என்றால் 500 நிமிஷம் ஆகும். அதாவது 8 மணி 20 நிமிஷம். 7 மணிக் கச்சேரிக்குக் காலை 10.40-க்கே கதவைத் திறக்க வேண்டும்!

இரண்டு வாசல் வைத்தாலும் 4 மணி நேரத்துக்கு மேல். பத்து வாசல் வைத்தால் 50 நிமிஷத்தில் எல்லோரும் உள்ளே இருப்பார்கள்.

வண்டிக் கணக்கைப் பாருங்கள். 30,000 பேர் வருகிறார்கள். பாதிப் பேர், காருக்கு 3 பேராக வந்தால் 5,000 கார். ஒரு காருக்கு 5 மீட்டர் என்று ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் 25 கிலோ மீட்டர்! தென்காசியில் நிறுத்த ஆரம்பித்தால் வரிசை கடையநல்லூரைத் தாண்டிப் போய்விடும்.

இந்தக் கணக்குக்குப் பெரிய படிப்பு வேண்டாம். டிக்கெட் விற்பதற்கு முன்னால் யாராவது ஒருவர் பென்சில் எடுத்திருந்தால் போதும்.

மூச்சு முட்டும் எல்லை

இடத்துக்கும் ஓர் அளவு உண்டு. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் உள்ள கட்டத்தில் 2 பேர் நின்றால் தாராளம். 4 பேர் வரை ஒருவாறு நகரலாம். 5 பேரைத் தாண்டினால் ஆபத்து. 6, 7 பேர் ஆகிவிட்டால் கூட்டம் தண்ணீர் மாதிரி அலையடிக்கும். அப்புறம் யாரும் தன் இஷ்டத்துக்கு நடக்க முடியாது. கூட்டம் போகிற பக்கம்தான் உடம்பு போகும்.

நெரிசலில் செத்தவர் என்றால் "மிதிபட்டுச் செத்தார்" என்றுதான் நினைக்கிறோம். பலர் மிதிபடுவதே இல்லை. நின்ற நிலையிலேயே நெஞ்சு அழுத்தப்பட்டு, மூச்சுவிட முடியாமல் செத்துப்போகிறார்கள். பின்னால் இருப்பவருக்கு முன்னால் நடப்பது தெரியாது. அவர் லேசாகத்தான் தள்ளுகிறார். ஆயிரம் பேர் லேசாகத் தள்ளினால் முன்னால் இருப்பவர் தாங்குவாரா?

20,000 பேர் தாராளமாக நிற்க, கட்டத்துக்கு 2 பேர் கணக்கில் சுமார் இரண்டரை ஏக்கர் வேண்டும். அதே இடத்துக்கு 40,000 டிக்கெட் விற்றால் கட்டத்துக்கு 4 பேர். அப்போதே எல்லைக்கோட்டில் நிற்கிறார்கள் என்று அர்த்தம். எல்லோரும் மேடையைப் பார்த்து நாலு அடி முன்னால் வந்தால் ஆபத்துதான்!

ஆடித்தபசு சொல்லும் பாடம்

"அட, இதெல்லாம் மெட்ராஸ் சங்கதி. நமக்கு என்ன?" என்று கேட்கலாம்.

நமக்கும் உண்டு. பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக் கச்சேரிக்குப் போகும் பிள்ளைகள் திருவேங்கடத்திலும் சங்கரன்கோவிலிலும் இருக்கிறார்கள். கடையில் நின்று சேர்த்த சம்பளம், ரெயில் செலவு, ஒரு நாள் லீவு எல்லாம் அந்த டிக்கெட்டில் அடக்கம். உள்ளூரிலோ குற்றாலத்தில் சாரல் திருவிழா. கலைவாணர் கலையரங்கத்தில் ஆட்டம், பாட்டு என்றால் கூட்டம் சேராமல் இருக்குமா?

நெல்லைச் சீமைக்குக் கூட்டம் புதிது அல்ல. சங்கரன்கோவில் ஆடித்தபசுக்கு வராத கூட்டமா? லட்சக்கணக்கில் வருகிறார்கள். கோவிலைச் சுற்றி நான்கு ரத வீதி. ஒரு வீதியில் நெருக்கினால் மறு வீதி வழியாக வெளியேறலாம். அகலமான வீதி வெறும் தேருக்கு மட்டும் அல்ல. கூட்டம் சுற்றிப் போகவும்தான். ஊரைக் கட்டிய பெரியவர்கள் வாசல் கணக்குத் தெரிந்தவர்கள்.

கிராமத்துக் கோவில் கொடையும் அப்படித்தான். வில்லுப்பாட்டு ஆனாலும் இன்னிசைக் கச்சேரி ஆனாலும் நாலு பக்கமும் திறந்த இடம். பாட்டு பிடிக்கவில்லையா, புழுக்கமா, பிள்ளை அழுகிறதா, எந்தச் சந்து வழியாகவும் வீட்டுக்குப் போய்விடலாம்.

டிக்கெட் கச்சேரி அப்படி அல்ல. காசு கொடுக்காதவர் வரக்கூடாது என்று சுற்றிலும் தகரம் அடைக்கிறார்கள். காசு கொடுத்தவர் வெளியேறவும் வழி இல்லாமல் போகிறது!

பெரிய கூட்டத்தைப் பத்திரமாகக் கூட்டி அனுப்பவே முடியாதா என்றால், முடியும். 2025 ஜனவரி 25, 26 தேதிகளில் ஆமதாபாத் நரேந்திர மோடி ஸ்டேடியத்தில் "கோல்ட்பிளே" இசைக்குழு பாடியது. ஒவ்வொரு நாளும் ஒரு லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். பத்திரமாகத் திரும்பினார்கள். அது கூட்டத்துக்கென்றே கட்டிய இடம். இருக்கைக்கு நம்பர் உண்டு. வாசல்கள் பல.

அதே வருஷம் ஜூன் 4-ந்தேதி பெங்களூர் சின்னசாமி ஸ்டேடியத்தில் கிரிக்கெட் வெற்றி விழா. உள்ளே இடம் இல்லாமல் வெளியே வாசல்களில் முண்டியடித்த கூட்டத்தில் 11 பேர் செத்தார்கள். செப்டம்பர் 27-ந்தேதி கரூர் அரசியல் கூட்ட நெரிசலில் 41 உயிர் போச்சு. பாட்டு, விளையாட்டு, அரசியல் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான். ஸ்டேடியமே ஆனாலும் வாசலில் கோட்டைவிட்டால் உயிர்தான் போகும்.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது: இடத்தின் கொள்ளளவை டிக்கெட்டிலேயே அச்சடிக்க வேண்டும். சினிமா தியேட்டருக்கு இருக்கைக் கணக்கு இருக்கும்போது மைதானத்துக்கு ஏன் கூடாது?

இரண்டாவது: அனுமதி தரும் அதிகாரி மேடையைப் பார்ப்பதற்கு முன்னால் வாசலை எண்ண வேண்டும். வருகிற வழி வேறு, போகிற வழி வேறு என்று இருக்க வேண்டும்.

மூன்றாவது: உள்ளே போன தலைகளை எண்ண வேண்டும். அளவு நிரம்பியதும் கதவை மூட அதிகாரம் உள்ள ஒருவர் வாசலில் நிற்க வேண்டும். அவர் சொன்னால் பாடகரும் பாட்டை நிறுத்த வேண்டும்.

நான்காவது: டிக்கெட் இருந்தும் உள்ளே போக முடியாதவருக்குப் பணம் கேட்காமலே திரும்பி வரவேண்டும். மன்னிப்பு வயிற்றை நிரப்பாது.

போகிறவர்களுக்கும் நாலு வார்த்தை. உள்ளே நுழைந்ததும் மேடையைப் பார்க்காதீர்கள். வெளியே போகும் வழியைப் பாருங்கள். பிள்ளையின் சட்டைப் பையில் போன் நம்பரை எழுதி வையுங்கள். தோளோடு தோள் நாலு பக்கமும் உரச ஆரம்பித்தால், பாட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அப்போதே விலகிவிடுங்கள். சிக்கிக்கொண்டால் இரண்டு கையையும் குத்துச்சண்டைக்காரர் மாதிரி நெஞ்சுக்கு முன்னால் வைத்து மூச்சுக்கு இடம் விடுங்கள். தள்ளுகிற கூட்டத்தை எதிர்க்காமல், அலை ஓய்கிற நேரம் பார்த்துப் பக்கவாட்டில் ஒதுங்குங்கள். சுவர் ஓரம், தடுப்பு ஓரம் போகாதீர்கள். கீழே விழுந்த செருப்பையோ செல்போனையோ எடுக்கக் குனியாதீர்கள்!

ஆனால் இதெல்லாம் கடைசித் தற்காப்பு. முதல் பொறுப்பு டிக்கெட் விற்றவருக்கும் அனுமதி கொடுத்தவருக்கும்தான்.

2024 மே 17-ந்தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்தது. கண்மூடித் திறப்பதற்குள் 17 வயதுப் பையனை அடித்துக்கொண்டு போனது. மலைமேல் பெய்யும் மழை கீழே குளிப்பவருக்குத் தெரியாது. அதனால்தான் காவலும் எச்சரிக்கையும் வேண்டியிருக்கிறது.

மழை சொல்லாமல் வரும். கச்சேரிக் கூட்டம் அப்படி இல்லை. எத்தனை பேர் வருவார்கள் என்பது டிக்கெட் விற்ற நாளிலேயே தெரியும். சொல்லாமல் வரும் வெள்ளத்துக்கே ஒரு விசில் இருக்கிறது. சொல்லிவிட்டு வரும் கூட்டத்துக்கு ஒரு விசில் வேண்டாமா?