பிரான்சில் இருந்தவர் எல்லாம் பிரெஞ்சு ஆசிரியர் அல்ல



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளையைப் பிரெஞ்சு வகுப்பில் சேர்க்க நினைக்கும் உம்மாமாரும் வாப்பாமாரும் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் போன மாதம் கொப்பியோடு வீட்டுக்கு வந்தார். "மூன்று மாதத்தில் பி2 உத்தரவாதம்" என்ற விளம்பரத்தை நம்பி, உம்மாவின் காப்பை அடகு வைத்துக் காசு கட்டியிருக்கிறார். கொப்பி முழுக்கப் பிரெஞ்சு, ஆனால் தமிழ் எழுத்தில்! "நேற்று என்ன சாப்பிட்டாய்?" என்று பிரெஞ்சில் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். பிழை அந்தப் பிள்ளையுடையதல்ல.

கணக்குப் பார்ப்போம். வாரம் இரண்டு வகுப்பு, இரண்டிரண்டு மணித்தியாலம், மூன்று மாதம்: மொத்தம் 48 மணித்தியாலம். பூச்சியத்தில் இருந்து பி2க்குப் போக 500 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும் என்பதுதான் பொதுவான கணக்கு. அப்படியானால் அந்த "உத்தரவாதம்" எதற்கு? உங்கள் காசுக்கு மட்டும்தான்.

"அவர் பத்து வருஷம் பாரிஸில் இருந்தவர் சேர்" என்பார்கள். நாங்கள் பிறந்ததில் இருந்து தமிழ் பேசுகிறோம். "பந்து" பந்தில் ஆகும்போது "வீடு" மட்டும் ஏன் வீட்டில் ஆகிறது என்று ஒரு வெள்ளைக்காரர் கேட்டால் எத்தனை பேர் விளக்குவோம்? பேசத் தெரிவது வேறு, படிப்பிக்கத் தெரிவது வேறு. இதைக் கல்வியியற் கல்லூரியில் படித்துவிட்டு வந்த எனக்கே வகுப்பறைக்குள் போன பிறகுதான் முழுதாக விளங்கியது.

தமிழ் எழுத்தில் பிரெஞ்சு எழுதிக் கொடுப்பவரிடம் இருந்து பிள்ளையை உடனே எடுங்கள். "நீ" என்பதற்கும் "எல்லாம்" என்பதற்கும் பிரெஞ்சில் வேறு வேறு ஒலி. தமிழில் எழுதினால் இரண்டும் "தூ" தான். "அவன் பேசுகிறான்", "அவர்கள் பேசுகிறார்கள்" இரண்டிலும் வினைச்சொல் காதுக்கு ஒன்று, எழுதும்போது வேறு. தமிழ்க் கொப்பியை வைத்துப் படித்த பிள்ளை பேச்சிலும் விழும், எழுத்திலும் விழும்.

காசு கட்ட முன்னர் நான்கு விஷயம் கேளுங்கள்.

1. எந்தப் பரீட்சைக்கு? கனடா எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு டெஃப் கனடா அல்லது டிசிஎஃப் கனடா வேண்டும். அதற்கு டெல்ஃப் செல்லாது. டெல்ஃப் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும், மற்ற இரண்டும் இரண்டு வருடம்தான். இது தெரியாதவர் உங்களுக்கு வழிகாட்ட முடியாது.

2. உங்கள் மட்டம் என்ன? சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். பி1 முடித்தவர் ஏ1 படிப்பிக்கலாம். பி2 படிப்பிக்க வரக் கூடாது.

3. ஒரு வகுப்பு சும்மா உட்கார்ந்து பார்க்கலாமா? ஒரு மணித்தியாலத்தில் பிள்ளை எத்தனை நிமிடம் பேசுகிறது என்று பாருங்கள். ஜூமில் அறுபது பேரைச் சேர்த்து மைக்கை மூடிவிட்டுப் பேசுவது வகுப்பல்ல, பயான். டெல்ஃபில் நான்கு பகுதி, ஒவ்வொன்றுக்கும் 25 புள்ளி. மொத்தம் 50 எடுத்தாலும், பேச்சில் 5க்குக் குறைந்தால் ஃபெயில்.

4. எழுதியதைத் திருத்தித் தருவீர்களா? பழைய மாணவர் ஒருவரின் திருத்திய கொப்பியைக் கேளுங்கள்.

மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிற ஆட்கள் நாங்கள். பிள்ளையின் எதிர்காலத்தை மட்டும் வட்ஸ்அப் போஸ்டரைப் பார்த்துக் கொடுத்துவிடுகிறோம். ஏமாற்றுகிறவரில் பாதிக் குற்றம் என்றால், கேள்வி கேட்க வெட்கப்படும் எங்களில் மீதிப் பாதி.

ஒழுங்காகப் படிப்பிக்கிற ஆசிரியர்களும் இருக்கிறார்கள். இந்த நான்கு கேள்விக்கும் அவர்கள் கோபப்பட மாட்டார்கள், சந்தோஷப்படுவார்கள். கோபப்படுகிறவரிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

அந்த உம்மாவின் காப்பு இன்னும் அடகில்தான் இருக்கிறது.