ஒரு மாத்திரைதானே என்பவர்களுக்கு

போன மாதம் ஒரு வளைகாப்பில் பெரியம்மா ஒருவர் என் சித்தி மகளிடம் சொன்னார்: "அதான் கண்டம் தாண்டியாச்சே! முடிகூட வளர்ந்துடுச்சு. இனிமே தினம் ஒரு மாத்திரைதானே, ஏண்டி இப்படிச் சோர்ந்து கிடக்கே?" சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவளுக்கு வயது 34. மார்பகப் புற்றிலிருந்து மீண்டு வருபவள். அந்த ஒரு மாத்திரை டமாக்சிஃபென். ஈஸ்ட்ரோஜெனைத் தின்று வளரும் மார்பகப் புற்றுக்கு அந்தத் தீனி கிடைக்காமல் தடுப்பது. தினம் 20 மில்லிகிராம், 5 ஆண்டு, சிலருக்கு 10. கூடவே சினைப்பையை அடக்க 28 நாளுக்கொரு முறை வயிற்றில் ஊசி. ஐம்பதை ஒட்டிப் படிப்படியாக வரவேண்டிய மாதவிடாய் நிறுத்தம் அவளுக்கு ஒரேயடியாக வந்து இறங்கிவிட்டது. திடீரென்று முகத்தில் ஏறும் அனல். நள்ளிரவில் நைட்டியை நனைக்கும் வியர்வை. காலையில் சுவரைப் பிடித்துத்தான் முதல் பத்தடி. விரல் மடங்காமல் சாக்பீஸ் நழுவுகிறது. ஆனாலும் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாடம் நடத்துகிறாள். அவளா சோம்பேறி?

பிறப்புறுப்பு வறண்டு தாம்பத்தியமே வலியாகிவிடுவதும் உண்டு. அதை யாரிடம் சொல்வது? ஓ.பி. கூட்டத்துக்கு நடுவே, மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டா? மருத்துவர்களாவது தாமாகக் கேட்கலாம். கேட்பதில்லை.

அமெரிக்காவில் மார்பகப் புற்றுக்கு இதுபோன்ற ஹார்மோன் சிகிச்சை தொடங்கிய 8,769 பெண்களைப் பற்றி 2010இல் ஓர் ஆய்வு வந்தது. முழுக்காலமும் முறையாக மருந்தெடுத்தவர்கள் 49 சதவீதம்தான். பாதியில் விடுவது 40 வயதுக்குட்பட்டவர்களிடம் அதிகம். இவர்கள் எல்லாருமே சோம்பேறிகளா? பிரான்சில் மாதவிடாய் நிற்காத பெண்களின் ரத்தத்தைச் சோதித்த ஆய்வொன்று 2020இல் வந்தது. ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு டமாக்சிஃபென் போதிய அளவு இல்லை. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர், ஒழுங்காகச் சாப்பிடுவதாகவே சொல்லியிருந்தார்கள். 'ஒரு மாத்திரைதானே' என்று ஊரே சொல்லும்போது எந்தப் பெண் வாய் திறப்பாள்? மருந்தை 5 ஆண்டு எடுத்தால் மார்பகப் புற்றால் இறக்கும் அபாயம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அந்தப் பலனைத்தான் இந்தப் பேச்சு அவள் கையிலிருந்து பறிக்கிறது.

அதே பெரியம்மா அடுத்து கேட்டது: "உனக்கு வளைகாப்பு எப்போ?" இந்த மாத்திரை எடுக்கும்போது கருத்தரிக்கவே கூடாது. ஆனால் 18 முதல் 30 மாதம் மருந்தெடுத்தபின் குழந்தைக்காக 2 ஆண்டு வரை நிறுத்திய பெண்களுக்கு, அடுத்த சில ஆண்டுகளில் புற்று திரும்புவது கூடவில்லை என்று 2023இல் 'பாசிட்டிவ்' என்ற பெயருள்ள ஆய்வு காட்டியது. அதை அவளுக்கு விளக்க நேரமில்லாத மருத்துவமனையையும் சேர்த்தே கண்டிக்கிறேன்.

அனலைத் தணிக்க வென்லஃபாக்சின் இருக்கிறது. வறட்சிக்குக் களிம்பு இருக்கிறது. மூட்டுவலிக்கு உடற்பயிற்சி உதவுகிறது. ஆனால் மருந்துக்கடையில் நீங்களாக எதையும் வாங்காதீர்கள். பராக்சிடின் போன்ற சில மனச்சோர்வு மருந்துகள் டமாக்சிஃபெனின் வேலையைக் கெடுத்துவிடும். சகோதரிகளே, மாத்திரையை ரகசியமாக நிறுத்தாதீர்கள். தாங்க முடியவில்லை என்று மருத்துவரிடம் சத்தமாகச் சொல்லுங்கள். உறவினர்களே, உங்களால் முடிந்தால் அவளோடு மருத்துவமனைக்குப் போங்கள். முடியாவிட்டால் வாயை மூடிக்கொண்டிருங்கள்.