கராஜில் விட்டு வந்த கமெரா

“நல்ல சாமானைக் கழற்றிவிடுவார்களோ என்ற பயத்தில், வாகனத்தின் டேஷ் கமெராவை ஓடவிட்டுக் கராஜில் கொடுக்கலாமா?” என்று ஒரு சகோதரி கேட்கிறார்.

சொல்லிவிட்டு வைத்தால் குற்றமில்லை. சொல்லாமல் வைத்தால் அது உளவு. சூரா அல்ஹுஜுராத்தின் 12ஆம் வசனம் தடுப்பது அதைத்தான். பெரும்பாலான கமெராக்களில் பேச்சும் பதிவாகும். வேலை செய்யும் பொடியன்மார் தங்கள் வீட்டுக் கஷ்டத்தைப் பேசிக்கொள்வதை நாம் ஏன் கேட்க வேண்டும்? அதிலும், பொனட்டைத் தூக்கினால் முன் கமெராவுக்கு ஒன்றும் தெரியாது. பெட்டரியைக் கழற்றினால் பெரும்பாலும் நின்றேவிடும்.

சகோதரியே, உங்கள் வீட்டுக் கேற்றும், வாகனத்துக்குள் நீங்கள் குடும்பத்தோடு பேசியவையும் அந்த மெமரி கார்டிலேயே இருக்கின்றன. முதலில் அதைக் கழற்றி எடுங்கள். மாற்றிய பழைய சாமான்களைத் திருப்பித் தரும்படி வேலை தொடங்கமுன்னரே சொல்லிவையுங்கள்.