காயில் கட்டுற அண்ணனும் கரகர கிட்டாரும்

போன வாரம் ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி எழுதிவிட்டு, மூணு நாள் எக்ஸ்ட்ரா தண்ணியாக சாம்பார் வாங்கிய பாவி நான்தான். அதனால் இந்த வாரம் யாரையும் கலாய்க்கப் போவதில்லை. என் கிட்டாரைத் தவிர!

என்னிடம் ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் இருக்கிறது. சீனியர் ஒருத்தர் கோர்ஸ் முடித்துப் போகும்போது 4,500 ரூபாய்க்கு என் தலையில் கட்டிவிட்டுப் போனது. கறுப்பு கலர், மூணு பிக்கப், பார்க்க செம கெத்து. ஆம்ப்பில் செருகினால்தான் வண்டவாளம் தெரியும். நான் வாசிப்பதற்கு முன்பே அது 'உய்ங்ங்ங்' என்று ஆலாபனையை ஆரம்பித்துவிடும். "மச்சி, மிக்ஸில என்னடா அரைக்கிற?" என்று ரூம்மேட் சீரியஸாகவே கேட்டான்.

அதுவரைக்கும் காமெடிதான். போன டிசம்பரில் விஷயம் சீரியஸானது. திண்டிவனத்து மெல்லிசைக் குழு ஒன்றில் கிட்டாரிஸ்ட் இடம் காலி. பொங்கலுக்கு விழுப்புரம் பக்கத்து கிராமத்தில் கச்சேரி. போய் வாசித்துக் காட்டினேன். "கை ஓகே தம்பி. சத்தம்தான் சகிக்கல. அதைச் சரி பண்ணிட்டு வா, பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து புலம்பினேன். பசங்க எல்லாரும் ஒரே குரலில், "பிக்கப்பை மாத்துடா... மூணையும் தூக்கிட்டு இம்போர்ட்டட் போடு" என்றார்கள். அம்மா எதுவும் பேசவில்லை. மறுநாள் காலையில் 12,000 ரூபாயைக் கையில் வைத்தார். சீட்டு எடுத்த பணம். அம்மா டெய்லர். பதினைந்து வருஷமாகக் காலால் மிதித்து ஓட்டும் தையல் மெஷினை மாற்றுவதற்காகப் போட்ட சீட்டு அது. "மெஷின் எங்கடா ஓடிப் போகுது, அடுத்த சீட்டுல பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு மிதிக்கப் போய்விட்டார். நியாயமாக அப்போதே திருப்பிக் கொடுத்திருக்கணும். கொடுக்கவில்லை. கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு சென்னை பஸ் ஏறிவிட்டேன்.

விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியதும்தான் மனசு உறுத்த ஆரம்பித்தது. யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாமே என்று திண்டிவனத்தில் இறங்கினேன். அந்தக் குழுவில் இருபது வருஷமாக லீட் வாசிக்கும் அண்ணன் ஒருத்தர் இருக்கிறார். ராத்திரியில்தான் கிட்டாரிஸ்ட். பகலில் மோட்டார் காயில் கட்டுகிற கடை. எரிந்துபோன சப்மெர்சிபிள் மோட்டார்கள், வார்னிஷ் வாசனை, காப்பர் கம்பிச் சுருள்கள். சுவரில் பம்ப்செட் காலண்டருக்கும் முருகனுக்கும் நடுவில் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் படம்.

"எந்தப் பிக்கப் வாங்கலாம்ண்ணே?" என்றேன்.

"உனக்கு என்ன குறைன்னு தெரியுமா?" என்றார்.

"சத்தம் நல்லா இல்லண்ணே..."

"ஜுரம்னு சொல்ற. எதனால ஜுரம்?"

திருதிரு முழி. மூணாவது வருஷம் ட்ரிபிள் ஈ படிக்கிறவன் பாஸ் நான்!

காந்தம், கம்பி, அவ்ளோதான்!

கையிலிருந்த காப்பர் சுருளைக் காட்டி அண்ணன் க்ளாஸ் எடுத்தார். "மோட்டார்ல கரண்ட் கொடுத்தா சுத்துது. பிக்கப்ல ஸ்ட்ரிங் ஆடினா கரண்ட் வருது. ரெண்டுக்கும் காந்தமும் காயிலும்தான்." நான் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதிய ஃபாரடே விதி இதுதான். ஃபாரடே அதைக் கண்டுபிடித்தது 1831-ல். அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சம் காந்தப் பிக்கப் வைத்து கிட்டார் செய்தது 1931-ல். சரியாக நூறு வருஷம்! ஒரு சாதாரண சிங்கிள் காயில் பிக்கப்பில், தலைமுடி அளவுக்கு மெல்லிய காப்பர் கம்பி ஏழாயிரம், எட்டாயிரம் சுற்று இருக்கும். மேலே ஸ்டீல் ஸ்ட்ரிங் அதிர்ந்தால் காந்தப் புலம் ஆடும், காயிலில் குட்டியாக மின்சாரம் பிறக்கும். அதை ஆம்ப் பெரிசு பண்ணும்.

"இப்ப ஆம்ப் இல்லாம சும்மா வாசி" என்றார். வாசித்தேன். டொக்கு டொக்கென்று கேட்டது. "ஸ்ட்ரிங் செத்து எத்தனை மாசம் ஆச்சு? கையில இல்லாத சத்தத்தைப் பிக்கப் எங்கேருந்து எடுக்கும்?" புது ஸ்ட்ரிங் செட் மாட்டினார். பாதி உயிர் அங்கேயே வந்தது.

அடுத்து ஆம்ப். முதலில் பார்த்தது சத்தத்தை இல்லை, பிளக்கை. மூணாவது எர்த் முள் இருக்கிறதா, கடை எர்த் வேலை செய்கிறதா என்று செக் பண்ணினார். மக்களே, இதை நல்லா நோட் பண்ணிக்கோங்க... ஸ்ட்ரிங் எல்லாம் ஆம்ப்பின் கிரவுண்டோடு இணைந்திருக்கிறது. எர்த் இல்லாத ஆம்ப்பில் லீக்கேஜ் இருந்தால், கிட்டாரைப் பிடித்துக்கொண்டு மைக்கில் வாய் வைக்கிறவனுக்கு ஷாக்தான். ஜெனரேட்டரில் ஓடும் திருவிழா மேடைகளில் இதில் விளையாடவே கூடாது.

எர்த் ஓகே என்றதும், "இப்ப ஸ்ட்ரிங்கைத் தொடு" என்றார். இரைச்சல் மாறவில்லை. "ஜாக்கோட இரும்பைத் தொடு." சட்டென்று குறைந்தது! பின்பக்க மூடியைத் திறந்தார். ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் தகட்டில் பற்ற வைத்திருந்த கிரவுண்ட் ஒயர் விட்டுப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு ஈயம். 'உய்ங்ங்ங்' பாதியாகிவிட்டது.

அப்புறம் ஸ்க்ரூடிரைவர். சத்தம் பெரிசாக வரட்டும் என்று நான்தான் பிக்கப்பை ஸ்ட்ரிங்கை முட்டுகிற அளவுக்கு ஏற்றி வைத்திருந்தேன். காந்தம் ரொம்பப் பக்கத்தில் இருந்தால் ஸ்ட்ரிங்கையே பிடித்து இழுக்கும். சத்தம் சீக்கிரம் செத்துப்போகும், சுருதியும் தள்ளாடும். கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்தால் பிக்கப்புக்கும் ஸ்ட்ரிங்குக்கும் இடையில் 2 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கிற மாதிரி இறக்கினார். அதுக்குப் பிறகு காதால் கேட்டுக் கேட்டு அரைத் திருகு, கால் திருகு.

இதுவரைக்கும் செலவு? ஸ்ட்ரிங் காசு மட்டும்!

மிச்சமிருந்த இரைச்சல்

ஆனாலும் மெல்லிசாக ஒரு 'ம்ம்ம்' இருந்தது. ட்யூப்லைட் பக்கம் திரும்பினால் கூடியது, கதவுப் பக்கம் திரும்பினால் குறைந்தது. "இதுதான் பிக்கப்போட பிறவிக் குணம். இதுக்கு மட்டும்தான் நீ காசு செலவு பண்ணணும்" என்றார். நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். சுற்றியுள்ள ஒயர், ட்ரான்ஸ்ஃபார்மர், மேடை லைட் எல்லாம் விடுகிற அந்த முனகலை, ஒற்றைக் காயில் ஒரு ஆன்டெனா மாதிரி பிடித்துவிடும்.

அதற்கு மருந்து ஹம்பக்கர். கிப்சன் கம்பெனியில் சேத் லவர் என்கிற இன்ஜினீயர் 1955-ல் இதற்கு பேட்டன்ட் விண்ணப்பித்தார். இரண்டு காயில், எதிரெதிர் திசைச் சுற்று, காந்தமும் தலைகீழ். வெளியிலிருந்து வரும் முனகல் இரண்டிலும் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று தீர்த்துவிடும். ஸ்ட்ரிங்கின் சத்தம் மட்டும் கூடிவரும். கொஞ்சம் தடித்த, உருண்டையான டோன். சிங்கிள் காயிலின் பளிச் கொஞ்சம் குறையும். ஒண்ணு வேணும்னா ஒண்ணு போகும் பாஸ்!

"நீ எங்க இரைச்சலா வாசிக்கிற?" என்றார் அண்ணன். குத்துப்பாட்டுக்கு டிஸ்டார்ஷன் போடும்போதுதான். அதற்கு பிரிட்ஜ் பக்கப் பிக்கப். இளையராஜா மெலடிக்கு நெக் பக்கம், அதுவும் மெதுவாக. "அப்போ பிரிட்ஜ் ஒண்ணை மட்டும் மாத்து. சிங்கிள் காயில் சைஸ்லயே ஹம்பக்கர் கிடைக்குது, மரத்தைக் குடைய வேணாம்."

பேப்பரில் நான் குறித்துக்கொண்ட மிச்சம்:

காந்தம்: அல்னிகோ என்றால் அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலவை. பொதுவாகக் கொஞ்சம் மென்மை. செராமிக் பெரும்பாலும் முரட்டு அவுட்புட்.

ஓம்ஸ்: அட்டையில் 8 கிலோ ஓம், 14 கிலோ ஓம் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். கம்பி நீளத்தையும் பருமனையும் பொறுத்த எண் அது. பெரும்பாலும் எண் ஏற ஏறச் சத்தம் கூடும், பளிச் குறையும். நல்லது கெட்டது என்பதற்கான மார்க் இல்லை.

வால்யூம் பாட்: சிங்கிள் காயிலுக்கு வழக்கமாக 250 கே, ஹம்பக்கருக்கு 500 கே. மற்ற இரண்டும் சிங்கிள் காயில் என்பதால் என் 250-ஐ அப்படியே விட்டோம்.

ஃபேஸ்: புதுசையும் நடுப் பிக்கப்பையும் சேர்த்துப் போட்டால் சத்தம் ஒல்லியாகிவிட்டதா? ஒயர் எதிர்ப்பதமாக இருக்கிறது. புதுப் பிக்கப்பின் காயில் ஒயர்களை மாற்றிப் போட்டால் சரி. ஷீல்டு ஒயர் மட்டும் கிரவுண்டிலேயே இருக்கணும்.

கிளம்பும்போது சுவரிலிருந்த படத்தைப் பற்றிக் கேட்டேன். ஆந்திராவின் பாலகொல்லுவில் 1969-ல் பிறந்தவர் மாண்டலின் ஸ்ரீநிவாஸ். சாதாரண மாண்டலினில் இரண்டிரண்டாக எட்டு ஸ்ட்ரிங். தட்டினால் சத்தம் உடனே அடங்கிவிடும். கர்நாடக சங்கீதத்துக்கோ கமகம் வேண்டும். ஸ்ட்ரிங்கை வளைக்கும் வரை சத்தம் உயிரோடு இருக்கணும். அவர் எடுத்தது ஒற்றை ஒற்றையாக ஐந்து ஸ்ட்ரிங் கொண்ட எலெக்ட்ரிக் மாண்டலின். பிக்கப் இருப்பதால் கடைசித் துளி அதிர்வுவரை கேட்கும். 1998-ல் பத்மஸ்ரீ, 2014-ல் நம்மை விட்டுப் போய்விட்டார். "அவருக்கு என்ன வேணும்னு அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு தம்பி. அப்புறம்தான் கருவி" என்றார் அண்ணன், அடுத்த மோட்டாரைக் கழற்றிக்கொண்டே.

அன்று சென்னை போய் ஒரே ஒரு பிக்கப்தான் வாங்கினேன். பாதிப் பணத்துக்கு மேல் மிச்சம். பொங்கல் கச்சேரியில் ஜெனரேட்டர், சீரியல் லைட், எல்லாம் இருந்தும் கிட்டார் கம்மென்று இருந்தது. அதனால் இரண்டாவது பாட்டில் நான் போட்ட தப்பு கார்டு, ஊருக்கே தெளிவாகக் கேட்டது என்பது வேறு விஷயம்!

மிச்சப் பணத்தில் அம்மாவின் பழைய தையல் மெஷினுக்கு மோட்டார் மாட்டிவிட்டோம். மாட்டிக் கொடுத்தது அதே அண்ணன்தான். இப்போதெல்லாம் நான் வீட்டில் நெக் பிக்கப் போட்டு வாசிக்க, அம்மா பக்கத்து ரூமில் ஜாக்கெட் தைத்தால், ஆம்ப்பில் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம் வருகிறது.

அதைச் சரி பண்ண மட்டும் நான் எந்தப் பிக்கப்பும் வாங்கப் போவதில்லை. அடுத்த வாரம் பார்க்கலாம் மக்களே!